சகலையும் நானும் நின்றுபோன எஞ்சினும்

எஞ்சின் நின்றவுடன் நான் என் சகலையின் முகத்தைத்தான் பார்த்தேன்.

ஜெபராஜ் படகின் பின்பக்கம், எஞ்சின் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார். அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டீசல் எஞ்சின் மூச்சு வாங்கியது. இரண்டு தடவை இருமியது. அப்புறம் அடங்கிவிட்டது. அவர் பழத்தைக் கடிப்பதை நிறுத்தவில்லை.

"என்னண்ணே, நின்னுருச்சு?" என்று என்னைக் கேட்டார்.

பெட்டியின்மேல் உட்கார்ந்திருப்பவர் அவர். கேள்வி மட்டும் எனக்கு. அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டிவிட்டது.

கீழக்கரையில் காலையில் கிளம்பியிருந்தோம். மண்டபம் போக வேண்டும். இடது கைப்பக்கம் கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. வலது கைப்பக்கம் தீவு ஒன்று. காற்று சுத்தமாக விழுந்துவிட்டதால் பாய், கொடியில் காயப்போட்ட வேட்டியைப் போலத் தொங்கியது. டீசல் வாடையும் எலுமிச்சை சாதத்தின் வாடையும் கலந்து அடித்தது.

பாயைப் பார்த்துக்கொள்ள நாங்கள் அழைத்துவந்திருந்த கீழக்கரை சூசை, சுக்கானைப் பிடித்தபடியே சொன்னார்: "சார், எனக்குப் பாயும் காத்தும் தெரியும். எஞ்சின் உங்க பாடு."

மதுரைக்காரனுக்கு எதற்குப் படகு?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் எங்கள் பசுமலையில் இல்லை. சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்டார். பல் டாக்டர், என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே கேட்டார். வைகையிலேயே தண்ணீர் பார்ப்பது அபூர்வம், இதில் படகு வேறா என்று சிரித்தார்கள்.

நடந்தது இதுதான். நானும் ஜெபராஜும் ஓய்வு பெற்ற புதிதில் ராமேஸ்வரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அங்கே ஒரு தோப்புக்குள் பழைய பாய்மரப் படகு ஒன்று கிடந்தது. பைபர் உடம்பு, உள்ளே இரண்டு பேர் படுக்கும் இடம், செத்துப்போன எஞ்சின். இருவருக்கும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்தது. பாதிப் பாதி போட்டு வாங்கி லாரியில் ஏற்றி அவனியாபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

ஏன் அவனியாபுரம்? மதுரைக்காரனுக்கு எஞ்சின் என்றால் அவனியாபுரம்தான். அங்கே ஷேர் ஆட்டோவும் டிராக்டரும் பார்க்கிற பாண்டியின் பட்டறையில் படகு பல மாதம் குந்தியிருந்தது. பொங்கலுக்கு ஜல்லிக்கட்டுப் பார்க்க வந்த கூட்டம் அதன்மேல் ஏறி நின்று மாடு பார்த்தது. கப்பல் மேலே இருந்து மாடு பார்த்தவர்கள் உலகத்திலேயே அவர்கள்தான் என்று பாண்டி இன்றும் சொல்லிக்கொள்கிறார்.

ஸ்டோர் கீப்பர் புத்தி

என் சந்தேக புத்தியைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே கொஞ்சம் புலம்பியிருக்கிறேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஸ்டோர் கீப்பராக முப்பது வருஷம் இருந்தவன் நான். பிப்பெட் உடைந்துவிட்டது என்று யாராவது வந்தால், உடைந்த துண்டைக் காட்டு என்பேன். துண்டைக் காட்டினால், இது போன வருஷத்துத் துண்டு மாதிரி இருக்கிறதே என்பேன். வேலையை விட்டு வந்தேனே தவிர, புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

பாண்டியிடம் எஞ்சினை ஒப்படைப்பதற்கு முன்னால் அதன் ஒவ்வொரு பாகத்திலும் சிவப்பு மையால் புள்ளி வைத்தேன். நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு வேறு எதையாவது மாட்டிவிட்டால் என்ன செய்வது? மறுநாள் பாண்டி போன் செய்தார்.

"அண்ணே, எஞ்சினுக்கு அம்மை போட்டிருக்கு போல. வேப்பிலை வாங்கியாரவா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் புள்ளிகளை எண்ணிப் பார்த்துத்தான் எஞ்சினைத் திரும்ப வாங்கினேன். எல்லாம் இருந்தது. அதுவும் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒப்பந்தம்

படகு தயாரானபோது ஜெபராஜுக்கு ஆசை தீர்ந்துபோயிருந்தது. முட்டிவலி ஒரு காரணம். பெங்களூரில் இருக்கும் மகன் திட்டியது இன்னொரு காரணம். விற்றுவிடுவோம் என்று ஆரம்பித்தார். எனக்கோ காலையில் எழுந்தால் அந்தப் படகின் நினைப்புதான். அதை விற்பது என்ற பேச்சே எனக்கு ஆகவில்லை.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். கீழக்கரையிலிருந்து மண்டபம் வரை ஒரு நாள் பயணம். எஞ்சின் மக்கர் பண்ணாமல் போனால் படகு நமக்கு. மக்கர் பண்ணினால் மண்டபத்திலேயே விற்றுவிட வேண்டும். அங்கே ஒரு லாட்ஜ்காரரை ஜெபராஜ் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். நாங்கள் வந்து சேரும் நேரத்துக்கு அவர் படகு கட்டும் ஜெட்டியில் வந்து நிற்பார்.

எஞ்சின் நிற்பதற்கு முன்பே, வாங்குவதற்கு ஆள் நிற்கிறான். நீங்களாக இருந்தாலும் சந்தேகப்பட மாட்டீர்களா?

கிளம்பும்போது வழியனுப்ப எங்கள் மனைவிமார் இருவரும் வந்திருந்தார்கள். என் மனைவி எஸ்தரும் அவள் தங்கை லீதியாளும். சமயநல்லூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்கள். எஸ்தர் சாப்பாட்டுக் கூடையைப் படகில் வைத்துவிட்டு இறங்கினாள். அவர்கள் காரில் மண்டபம் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

நான் எஞ்சினைக் கிளப்பப் போனேன். சூசை தடுத்தார். "காத்து சும்மா கெடக்கு சார். எதுக்கு டீசலு?" என்று பாயை ஏற்றிவிட்டார். முதுகுப் பக்கமிருந்து கச்சான் என்கிற மேல்காற்று தள்ள, படகு சத்தமில்லாமல் வெளியே போனது. கரையில் எஸ்தர் கையைக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். இவ்வளவு பாசம் எங்கே ஒளிந்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே பாயில் வெகுதூரம் வந்தபிறகுதான் காற்று விழுந்தது. எஞ்சினைக் கிளப்பினோம். அரைமணி நேரம்போல ஓடியது. அப்புறம் நின்றது.

யார் போனால் நிற்கிறது?

டீசல் எஞ்சினுக்குள் காற்றுப் புகுந்துவிட்டால் எண்ணெய் வராது. பில்டர் பக்கத்து நட்டைத் தளர்த்தி, கையால் பம்பு அடித்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு ஏர் எடுப்பது என்று பேர். பாண்டி எனக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொடுத்திருந்தார்.

பெட்டி மூடிமேலிருந்து ஜெபராஜை எழுப்பிவிட்டு நான் உள்ளே குனிந்தேன். முதலில் டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன். டீசல் நிறைய இருந்தது. ஏர் எடுத்தேன். மூடியை இறுக்கி மூடினேன். கிளப்பினால் ஒரே தட்டில் கிளம்பியது.

"பரவாயில்லையே" என்றார் ஜெபராஜ். குரலில் சந்தோஷம் இல்லை.

இது ஒரு தடவை. இதை மக்கர் என்று கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இருவருமே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ சத்தம் வித்தியாசமாகக் கேட்கிறது என்று ஜெபராஜ் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். அவர் தலையை வெளியே எடுப்பதற்குள் எஞ்சின் நின்றது.

"நான் ஒண்ணையும் தொடல" என்றார், நான் கேட்காமலே.

மறுபடி நான் போனேன். மூடியைத் திறந்து குச்சி விட்டேன். ஏர் எடுத்தேன். மூடினேன். கிளம்பியது. அவர் போனால் நிற்கிறது, நான் போனால் ஓடுகிறது. இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா? அவர் கையில் ஏதாவது ஸ்பேனர் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். கொய்யாப்பழக் காம்புதான் இருந்தது. அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை நின்றபோது அவர் வாயைத் திறந்தார்.

"அண்ணே, வெளிப்படையாப் பேசுவோம். நீங்க ஏதோ பண்றீங்க."

"நானா?"

"நான் கிட்டப் போனா நிக்குது. நீங்க போனா ஓடுது. அதென்ன கணக்கு? என் தலையில பழியப் போட்டுப் படகை அமுக்கிரலாம்னு பாக்குறீங்களா?"

நான் போட்டு வைத்திருந்த கணக்கை எனக்கே திருப்பிப் படித்தார். ஆத்திரமாக வந்தது.

"விக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறது யாரு சகல? ஜெட்டியில ஆள நிப்பாட்டி வச்சிருக்கது யாரு?"

"அதுக்காக நடுக்கடல்ல எஞ்சின நிப்பாட்டுவனா? எனக்கு நீச்சலே தெரியாது."

"அதான் கரையிலயே லைஃப் ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டீகளே."

அவர் முகம் சுருங்கிப்போனது. முப்பது வருஷ உறவு எங்களுடையது. நல்லது கெட்டது எல்லாவற்றிலும் பக்கத்தில் நின்ற மனிதர். அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை அவரிடம் சொன்னதில்லை.

பார்

"சார்" என்றார் சூசை. "சண்டைய மண்டபத்துல வச்சுப் போட்டுக்கலாம். பார் கிட்ட வந்துட்டோம்."

பார் என்பது தண்ணீருக்குள் கிடக்கும் பவளப்பாறைத் திட்டு. தீவைச் சுற்றி வேலி போட்டதுபோல் இருக்கும். நாங்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நீரோட்டம் படகைத் தீவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. சற்றுத் தள்ளி, அலை எதிலோ மோதி வெள்ளையாக உடைவது தெரிந்தது. அடியில் தண்ணீரின் நிறமும் மாறியிருந்தது.

சூசை நங்கூரத்தைப் போட்டார். அது மணலில் பிடிக்காமல் இழுபட்டது. கயிறு அதிர்ந்து அதிர்ந்து வந்தது. படகைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பெல்லாம் போய், ஜெபராஜுக்கு நீச்சல் தெரியாதே என்ற நினைப்புதான் எனக்கு இருந்தது.

நான் எஞ்சின் பெட்டிக்குள் விழுந்தேன். பழக்கப்படி டேங்க் மூடியைத் திருகினேன். ஜெபராஜ் என் தோளுக்கு மேலே குனிந்து நின்றார், நான் என்ன தில்லுமுல்லு செய்கிறேன் என்று பார்க்க.

"அண்ணே, அது என்ன சத்தம்?"

"எது?"

"மூடியத் தொறக்கும்போது உஸ்ஸுன்னு இழுத்துச்சே."

மூன்று முறை மூடியைத் திறந்தும் அந்தச் சத்தம் என் காதில் விழவில்லை. என் காதெல்லாம் அவர் என்ன முணுமுணுக்கிறார் என்பதில் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் பால் இறங்காது. காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். டீசல் போகப் போக டேங்குக்குள் காற்று வர வழியில்லை. நான் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது மூச்சு வாங்கிக்கொண்டது. மூடியதும் மறுபடி மூச்சு முட்டியது.

"மூடாதீங்கண்ணே. தொறந்தே போடுங்க" என்றார்.

ஏர் எடுத்தேன். அவர் கிளப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சூசை சுக்கானைத் திருப்பி, நங்கூரத்தை இழுக்கச் சொல்லிக் கத்தினார். நானும் ஜெபராஜும் ஒரே கயிற்றை இழுத்தோம். வெள்ளை அலை மெள்ளப் பின்னால் போனது.

மாமனார் கட்டு

டேங்குக்கு மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் உண்டு. மேல்தட்டின் ஓரத்தில் கவிழ்ந்த கொக்கிபோல் நிற்கும். கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் தேடிப் பிடித்தோம். அதன் வாயில் பாலிதீன் காகிதத்தை இரண்டாக மடித்துப் போர்த்தி, சைக்கிள் டியூபைக் கிழித்த ரப்பர் நாடாவால் சுற்றியிருந்தது. முடிச்சு இல்லை. சுற்றிச் சுற்றிக் கடைசி நுனியை அடியில் செருகியிருந்தது.

ஜெபராஜ் அதைத் தொடாமல் பார்த்தார். "அண்ணே, இது மாமா கட்டுல்ல?"

மாமா என்றால் எங்கள் இருவருக்கும் மாமனார். சமயநல்லூர்க் கிணற்றில் அவர் வைத்திருந்த டீசல் எஞ்சினுக்கு, மழைக்காலத்தில் குழாய் வாய்களை அவர் இப்படித்தான் கட்டி வைப்பார். நாங்கள் இருவரும் புது மாப்பிள்ளைகளாகப் போய் அந்தக் கிணற்று மேட்டில் எத்தனையோ தடவை பார்த்த கட்டு. மாமா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகன்கள் கிடையாது. இரண்டு மகள்கள்.

ஜெபராஜ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவரவர் மனதில் என்ன ஓடியது என்று சொல்லத் தேவையில்லை.

என் சந்தேகம் கொழுந்தியாள் லீதியாள் மேல்தான் போனது. முட்டிவலிக்காரப் புருஷனுக்காகச் செய்திருப்பாள். அல்லது இவரே சொல்லிச் செய்ய வைத்திருப்பார். மண்டபம் போய்ச் சேரும்வரை இதையே பல விதமாக யோசித்துக்கொண்டு வந்தேன். என் வீட்டுப் பக்கம் நினைப்பு திரும்பவே இல்லை.

ஜெட்டியில்

மண்டபத்தில் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, கறுப்புக் கண்ணாடி போட்ட லாட்ஜ்காரரும் நின்றிருந்தார். நான் இறங்கியதும் ரப்பர் நாடாவை நீட்டினேன், லீதியாளை நோக்கி.

"அட, எங்கப்பா கட்டுற ரப்பர் மாதிரி இருக்கே. எங்க கெடந்துச்சு மச்சான்?" என்றாள். அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

"நான்தான் கட்டினேன்" என்றாள் எஸ்தர்.

அவளுக்காக நானே ஒரு சமாதானம் தேடினேன். "உப்புத் தண்ணி போயிரக் கூடாதுன்னு கட்டுனியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

"இல்ல. நிக்கணும்னுதான் கட்டினேன். சின்னப்பிள்ளையில எங்களுக்கு விளையாடணும்னா கெணத்து எஞ்சின் தொளைய மூடிருவோம். செத்த நேரத்துல நின்னுரும். அப்பா ரிப்பேருன்னு மெக்கானிக்கத் தேடிப் போயிருவாரு."

லீதியாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கரையோரத்துலயே நின்னுரும், இழுத்துட்டு வந்துருவாக, இந்தச் சனியன் இன்னைக்கே தொலையும்னு நெனச்சேன். எஞ்சினே போடாமப் பாய விரிச்சுப் போவீகன்னு எனக்கு என்ன தெரியும்? வா வான்னு கைய ஆட்டுறேன், நீங்க சிரிச்சுக்கிட்டு டாட்டா காட்டுறீக. அங்கயிருந்து இங்க வரைக்கும் போன் போட்டுக்கிட்டே வாரேன். போய் விழவே இல்ல." அவள் குரல் உடைந்தது. "எம்புட்டு ஜெபம் பண்ணேன்னு அந்தக் கர்த்தருக்குத்தான் தெரியும்."

என் போன், உப்புக் காற்று படக்கூடாது என்று நான் அணைத்து டப்பாவுக்குள் வைத்த இடத்தில் பத்திரமாக இருந்தது.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"கேட்டாத்தான சொல்றதுக்கு? வாங்கும்போது சகலையக் கேட்டீக. எஞ்சினுக்குப் பாண்டியக் கேட்டீக. காத்துக்குச் சூசையக் கேட்டீக. எங்கிட்ட என்ன கேட்டீக? எலுமிச்சை சோறா, புளிச்சோறான்னு கூட நான்தான் கேட்டேன்."

அவள் அத்தோடு விடவில்லை.

"அங்க எஞ்சின் நின்னப்ப யார் யாரையெல்லாம் சந்தேகப்பட்டீக?"

"எல்லாரையும்."

"என்னைய?"

"உன்னைய ஒரு தடவகூட இல்ல எஸ்தர். சத்தியமா." அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் ரப்பர் நாடாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நெனப்பு இருந்தாத்தான சந்தேகம் வரும்" என்றாள்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. இதை எழுதும்போதும் சுடுகிறது.

லாட்ஜ்காரருக்குப் பொறுமை போய்விட்டது. கிட்டே வந்து, எஞ்சின் எப்படி என்று கேட்டார். இதற்காகவே ஆளைப் பிடித்து வைத்த ஜெபராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எஞ்சின்ல கோளாறு ஒண்ணும் இல்லங்க. இது குடும்பக் கோளாறு. எங்க ஒப்பந்தத்துல வராது. அண்ணன் சொல்றதுதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த லைஃப் ஜாக்கெட் வார்த்தைக்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டது காரில் வைத்துத்தான்.

லாட்ஜ்காரர் என்னைப் பார்த்தார். நான் எஸ்தரைப் பார்த்தேன்.

"என்ன செய்யலாம்? வித்துரவா?"

முழுசாக அவள் பதிலுக்குக் காத்திருந்தேன். அவள் படகைப் பார்த்தாள். அவள் அதை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. அதன் நுனியிலிருந்து சுக்கான் வரைக்கும், சந்தையில் மாடு பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இப்ப வேணாம்" என்றாள்.

லாட்ஜ்காரர் போய்விட்டார். படகு இன்றைக்கும் மண்டபத்தில்தான் கட்டிக் கிடக்கிறது. மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் கயிற்றை அவிழ்ப்பதில்லை. அவள் சொன்ன அந்த 'இப்ப' எதுவரைக்கும் என்று எனக்குத் தெரியாது. தினமும் அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயற்சி செய்கிறேன். என்ன அப்படிச் சந்தேகமாப் பாக்குறீக என்று கேட்கிறாள். கேட்கும்போது அவளுக்கு ஒரு சிரிப்பு வருகிறது.